மிச்சமிருந்த நீலத் துகள்

எங்கள் தடயவியல் ஆய்வகத்தில், நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான், அதுவும் கோபத்தில். ஆய்வு முடிவுகளைத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. மற்றவர்கள் காலையில் வாங்கிய மாதிரிக்கு மாலையில் முடிவு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அக்கா மட்டும் இழுத்துக்கொண்டே போவார். ரிப்போர்ட் வாங்க வரும் போலீஸ்காரர்கள் என் மேசை முன்னால் நின்று என் உயிரை வாங்குவார்கள். அந்த எரிச்சலில் ஒரு நாள், “என்னைக் கேக்காதீங்க, உள்ள போய் நிதானம் மேடத்தைக் கேளுங்க” என்று சொல்லித் தொலைத்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவின் காதுக்கு அது போனபோது, “பரவாயில்லையே, நல்ல பேராத்தான் வச்சிருக்கே” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவரிடம் சண்டை போடுவதும் சுவரோடு சண்டை போடுவதும் ஒன்றுதான்.

வீட்டிலும் இதே கதைதான். அக்கா தன் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பியின் மனைவி கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவாள். “ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னா, வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கறாங்க. அவங்க கழுவி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போயிடுது. இப்படித்தான் அந்தக் காலத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்போ யோசிச்சுச் சொல்றேன்னாங்களாம். இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காங்க.” நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். அக்காவை வைத்துச் சிரிக்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. ஆனால் சிக்கலான மாதிரி ஒன்று வந்தால் எல்லாரும் சத்தமில்லாமல் அவர் மேசையில்தான் கொண்டுபோய் வைப்பார்கள்.

அவர் செய்த வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். தப்பாக இருந்தால் படித்தவர்கள் மன்னிக்கட்டும். அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. முதலாவது அகச்சிவப்புக் கருவி. கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியைப் பொருளின் மேல் விடுவார்கள். பிளாஸ்டிக், நூல், பெயின்ட், எதுவானாலும் அந்த ஒளியில் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் விழுங்கிக்கொள்ளும். எதை விழுங்கியது என்று திரையில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக வரும். அந்தக் கோட்டைப் பார்த்தால் இது நைலான், இது பாலியெஸ்டர் என்று சொல்லிவிடலாம். பத்திரிகைக்காரர்கள் இதைக் ‘கைரேகை’ என்று எழுதுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் மட்டும் அக்காவுக்கு முகம் சிவந்துவிடும். “கைரேகை ஒரு ஆளுக்குத்தான் இருக்கும். பாலியெஸ்டர் ஊர்ல பாதிப் பேரு உடம்புல இருக்கு. எந்தப் புத்திசாலி இப்படி எழுதறான்?”

இரண்டாவது ராமன் கருவி. ஜன்னல் இல்லாத, எந்நேரமும் ஏசி உறுமிக்கொண்டிருக்கும் பின்னறையில் அது இருந்தது. இதில் நுண்ணோக்கி வழியாகப் பச்சை லேசர் ஒளியை ஒரு புள்ளியில் பாய்ச்சுவார்கள். போன ஒளி பெரும்பாலும் போன நிறத்திலேயே திரும்பி வரும். ஒரே ஒரு சொட்டு மட்டும் நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றம்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் என்று எடுத்துக்கொண்டால், அதிலிருக்கும் பிசினை அகச்சிவப்பு சொல்லும். நிறம் கொடுக்கும் தூளை ராமன் சொல்லும். ஒரே பிசினில் வேறு வேறு நீலத் தூளைக் கலந்து விற்கிறார்கள் என்பதால் பெயின்டுக்கு இரண்டு கருவியும் வேண்டும்.

எங்களுடையது பழைய ராமன் கருவி. லேசரின் வீரியத்தைக் கூட்டிக் குறைக்க அதன் பக்கவாட்டில் ஒரு சிறு சக்கரம் இருந்தது. அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். சக்கரம் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வெள்ளைப் பிளாஸ்டிக் என்றால் முழு ஒளி விடலாம், ஒன்றும் ஆகாது. அடர்த்தியான நிறமுள்ள பொருள் என்றால் ஒளியை நூற்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். அதனால் யார் எந்த வேலையை முடித்தாலும், எழுந்திருக்கும் முன் சக்கரத்தைக் கடைசிக் குறைவுக்குத் திருப்பிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அது அக்கா போட்ட சட்டம். மறந்தவர்களுக்கு அவர் விட்ட டோஸ் எனக்கு வெளியே கேட்கும்.

இப்போது அந்த வழக்கு. ஒரு சாயங்காலம், மங்கலான வெளிச்சத்தில், சைக்கிளில் போன ஒருவரை ஏதோ ஒரு வண்டி இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. சைக்கிளின் பின் மட்கார்டில் அடர்நீலப் பெயின்ட் துளி ஒட்டியிருந்தது. நீல வேன் ஒன்றைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அந்த வழியாகத் தன் நீல வேனில் போன ஒரு டிரைவரைப் பிடித்தார்கள். வேனின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. குடோன் கேட்டில் இடித்தது என்று அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை.

மட்கார்டில் சுரண்டிய தூளும் வேனில் சுரண்டிய தூளும் அக்காவிடம் வந்தன. அந்தச் சமயம் பார்த்து ராமன் கருவியின் லேசர் செத்துக் கிடந்தது. புதுசு வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர வரவில்லை. அக்கா அகச்சிவப்பில் மட்டும் பார்த்தார். பிசின் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. ‘இரண்டு மாதிரிகளுக்கும் வேறுபாடு காண இயலவில்லை; நிறத்தூள் ஆராயப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். நான்தான் தட்டச்சு செய்தேன். கருவியில் வைத்து அழுத்தியதில் மட்கார்டுத் தூள் நசுங்கி வீணாகிவிட்டது. எதிலும் கொஞ்சம் மிச்சம் வைப்பது அக்காவின் வழக்கம் என்பதால் ஒரே ஒரு துகள் தப்பியது. வெறும் கண்ணுக்கு அது தூசி.

கோர்ட்டுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். அரசு வக்கீல், “ரெண்டும் ஒரே பெயின்ட்தானே?” என்று கேட்டார்.

“வித்தியாசம் காண முடியலை” என்றார் அக்கா.

“அதாவது ஒண்ணுதான்.”

“வித்தியாசம் காண முடியலைன்னுதான் என்னால சொல்ல முடியும்.”

நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. “ரெண்டுக்கும் என்னம்மா பெரிய வேறுபாடு? எழுதிக்குங்க” என்று அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார். டிரைவரின் வக்கீல் என்ற பெயரில் நின்றிருந்த மனிதர், கருவியைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நிறத்தூளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியை அந்த ஆள் படிக்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

டிரைவரை உள்ளே போட்டார்கள். பல வருஷத் தண்டனை. வராந்தாவில் அவர் மனைவி நேராக அக்காவிடம் வந்தாள். “அம்மா, உங்க மெஷினு அவருதான்னு சொல்லிடுச்சாம்மா?”

“மெஷின் அப்படிச் சொல்லலைம்மா.”

“அப்ப ஏம்மா உள்ள போட்டாங்க?”

பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கும்போது அக்கா, “அந்தத் துகள் மிச்சம் இருக்கு” என்றார்.

அதற்கப்புறம் அவர் அந்தத் துகளை விடவில்லை. புது லேசர் வந்து பொருத்தியதும் இயக்குநரின் அறைக்குப் போய் நின்றார். “முடிஞ்ச கேஸை ஏம்மா நோண்டறீங்க? நமக்கே திரும்பும்” என்றார் இயக்குநர். அக்கா ஒற்றைக் காலில் நின்றார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், அத்தனையையும் என் தலையில்தான் கட்டினார். டிரைவரின் மனைவி மேல்முறையீடு செய்தாள். வேறு ஒரு வக்கீல், இவனாவது படிக்கத் தெரிந்தவன், அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டான். மறு ஆய்வுக்குக் கோர்ட் அனுமதி கொடுத்தது. அதற்குள் மட்கார்டு ஸ்டேஷன் வளாகத்தில் மழையில் துருப்பிடித்துச் சைக்கிளோடு பழைய இரும்புக்குப் போயிருந்தது. உலகத்தில் இருந்தது அந்த ஒரு துகள்தான். நீலம் வேறு என்றால் டிரைவர் வெளியே வருவார். ஒன்றுதான் என்றால் உள்ளேயே இருப்பார். அவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு மனிதனின் காலம் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தது.

துகளும் வேன் பெயின்டும் இருந்த முத்திரை வைத்த கவர் கோர்ட்டிலிருந்து வந்து சேர்ந்தது. வேன் பெயின்டை அக்கா முதலில் பார்த்து வைத்துக்கொண்டார். கோடு தெளிவாக வந்தது. துகளை மறுநாள் மதியம் பார்ப்பதாக இருந்தார். அன்று காலையில் வேறு வேலை இருந்தது. தண்ணீர்க் குழாய் மூடி ஒன்று வெடித்து, அதில் கம்பெனிக்காரன் மட்டப் பிளாஸ்டிக்கைக் கலந்திருக்கிறானா என்று ஒரு தகராறு. வெள்ளை மூடி. முழு ஒளியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாட்ச்மேன் போன் செய்தார். “அந்த டிரைவர் சம்சாரம் வந்திருக்கு. சொன்னா கேக்க மாட்டேங்குது.”

வழக்குக்காரர்களைப் பார்க்கக் கூடாது என்பது விதி. நானாக இருந்தால் போகச் சொல்லியிருப்பேன். அக்கா கருவியை அப்படியே ஓடவிட்டு எழுந்து வந்தார். என்னையும் கூட அழைத்துக்கொண்டார். மாடிப்படியின் அடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். காலில் தூசி, கையில் துணிப்பை.

“பாத்துட்டீங்களாம்மா?”

“இன்னும் இல்லைம்மா. மதியம்.”

“அவரு பேசறதையே விட்டுட்டாரும்மா. பாக்கப் போனா கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. போன தடவை என்கிட்ட கேக்கறாரு, ‘நாந்தான் இடிச்சேனோ?’ன்னு.” அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “எல்லாரும் சொல்லிச் சொல்லி அவருக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. இருட்டுல தெரியாம இடிச்சுட்டு வந்துட்டேனோங்கறாரு.”

அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. “மதியம் வரைக்கும்கூட வேணாம். இப்பவே பாத்துடறேன். இங்கயே உக்காருங்க.”

அன்றைக்குத்தான் அக்கா படியேறி ஓடியதை நான் பார்த்தேன். நானும் கூடவே ஓடினேன். அவர் குழாய் மூடியை எடுத்து ஓரமாக வைத்தார். துகள் இருந்த கண்ணாடித் தகட்டைப் பொருத்தினார். நுண்ணோக்கியைத் திருகித் திருகிச் சரி செய்தார். “வந்து பாரு” என்று என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். கோணல்மாணலாக ஒரு நீலத் துண்டு, ஓரத்தில் வெளிச்சம் பட்டு மின்னியது. அழகாக இருந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

அவர் கருவியின் கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் கோடு எழும்பியது. அகலமாக இரண்டு மேடுகள், பக்கத்தில் பக்கத்தில். முந்தின நாள் வேன் பெயின்டுக்கு ஊசி ஊசியாக வந்ததை நான் பார்த்திருந்தேன். இது வேறு மாதிரி இருக்கிறதே! சந்தோஷத்தில் கத்திவிட்டேன். “அக்கா, வேற நீலம்! அவர் இல்லக்கா!”

அக்கா நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிரவே இல்லை. பிறகு அவருடைய கை மெதுவாகப் பக்கவாட்டுக்குப் போய்ச் சக்கரத்தைத் தடவியது. அது முழு ஒளியில் நின்றிருந்தது.

“இது நீலம் இல்லைம்மா” என்றார். “கரி. எதைக் கருக்கினாலும் இந்த ரெண்டு மேடுதான் வரும். ரொட்டியைக் கருக்கினாலும் இதுதான், தலைமுடியைக் கருக்கினாலும் இதுதான்.” சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல், “சக்கரத்தைத் திருப்பலை” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். துகள் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது.

அன்று சாயங்காலம் வரை அவர் அந்தத் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தேடினார். கவரைப் பிரித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். ஒரு பொடி, ஒரு தூசி, எதுவும் இல்லை. கீழே அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். நான் போய், முடிவு கோர்ட்டுக்குத்தான் போகும் என்று பொய்யும் மெய்யுமாகச் சொல்லி அனுப்பினேன். நம்பிக்கையோடு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

இயக்குநர் நல்லவர்தான், அன்றைக்கு அக்காவைக் காப்பாற்றப் பார்த்தார். “மாதிரி போதவில்லைன்னு எழுதிடுங்க மேடம். பொய் இல்லையே, சின்னத் துகள்தானே?”

“போதுமான அளவு இருந்துச்சு சார். நான்தான் எரிச்சுட்டேன்.”

நானும் கெஞ்சினேன். “அக்கா, அவர் சொல்றபடி எழுதுங்க. உண்மையை எழுதினா மட்டும் அந்த ஆளு வெளிய வந்துடுவாரா? உங்களையும் சேத்துத்தான் தொலைச்சுக்கட்டுவாங்க.” அவர் கேட்கவில்லை. ‘ஆய்வாளரின் கவனக்குறைவால் மாதிரி அழிந்தது, முடிவு எதுவும் இல்லை’ என்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எழுத்துகளை ஆத்திரத்தில் குத்தினேன். அந்த உண்மையால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

நான் சொன்னபடிதான் நடந்தது. புதிய ஆதாரம் எதுவும் இல்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்ட பழைய வழக்குகளையெல்லாம் வக்கீல்கள் கிளறினார்கள். எரித்தவள் எதைத்தான் ஒழுங்காகப் பார்த்திருப்பாள் என்று கேட்டார்கள். கொலை வழக்கு, திருட்டு வழக்கு எல்லாவற்றிலிருந்தும் அவரை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய், தண்ணீர்த் தொட்டி, வாளி என்று கொடுத்தார்கள். அதையும் அவரால் செய்ய முடியவில்லை. மாதிரியை வைப்பார், சக்கரத்தைப் பார்ப்பார், உட்காருவார், எழுந்து மறுபடியும் சக்கரத்தைப் பார்ப்பார். பொத்தானை அழுத்தக் கை போகாது. யாராவது வந்து அழுத்திவிட்டுப் போக வேண்டும். எங்களில் ஒருத்தரும் அவரை வைத்துச் சிரிப்பதில்லை. தம்பியின் மனைவியும் புலம்புவதை நிறுத்திவிட்டாள். “டம்ளரைத் தொடறதே இல்லீங்க. கொடுத்தா குடிக்கறாங்க, கொடுக்கலைன்னா இல்லை” என்று மட்டும் சொன்னாள்.

தள்ளுபடி ஆன பிறகு அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை வாட்ச்மேன் தடுக்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். நேராக எங்கள் அறைக்கே வந்து, துணிப்பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்து அக்காவின் மேசையில் வைத்துத் திறந்தாள். டப்பா நிறைய நீலப் பெயின்ட் செதில்.

“பெயின்ட் தீந்துபோச்சுன்னுதானே கேஸை மூடிட்டாங்கன்னு வக்கீல் சொன்னாரு. வேனைத்தான் எங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்களே, வீட்டு வாசல்லதாம்மா நிக்குது. பசங்களும் நானுமாச் சேந்து சுரண்டினோம். இத்தனை இருக்கு, இதுல பாருங்க. பத்தலைன்னா இன்னொரு பக்கமும் சுரண்டிக் கொண்டாறேன்.” அவள் விரல் நகங்களில் நீலம் ஏறியிருந்தது. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தாள்.

அக்கா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, தெளிவாகச் சொன்னார். “இது உங்க வேனோடதும்மா. இது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. எரிஞ்சுபோனது அந்தச் சைக்கிள்ல ஒட்டியிருந்தது. அது இனிமே எங்கயும் கிடைக்காது. அதை நான்தான் எரிச்சேன்.”

அந்தப் பெண்ணுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அழவில்லை, சபிக்கவில்லை. சபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “சரிம்மா. கோர்ட்டுக்கு வேணாம். யாருக்கும் எழுதிக் குடுக்க வேணாம். அவருக்கு மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு இடிக்கலைன்னு. மெஷின்ல பாத்த அம்மா சொன்னாங்கன்னு நான் போய்ச் சொல்லிடறேன். அதைக் கேட்டா அவரு சோறு திம்பாரும்மா.”

அக்கா வாயைத் திறந்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். சொல்லுங்கக்கா, சொல்லித் தொலையுங்க என்று எனக்குள் கத்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, “அவர் இடிக்கலைம்மா. நானும் கூடத்தான் இருந்தேன், என் கண்ணால பாத்தேன். போய்ச் சொல்லுங்க” என்றேன். எந்தக் கூச்சமும் இல்லாமல் பச்சைப் பொய்யைச் சொன்னேன்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியலைம்மா” என்றார் அக்கா.

அவள் தலையை ஆட்டினாள். மேசையில் சிந்தியிருந்த செதில்களை உள்ளங்கையால் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டு, மூடி, பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.